பேச்சியம்மாளின் துணைக் கேள்வி

ஒரு மிடறு எச்சிலை விழுங்கிப் பார்த்தாள் பேச்சியம்மாள். இறங்கியது. காலையில் எழுந்ததும் இறங்கியது, விடுதியில் இட்லியோடு இறங்கியது, இப்போது பேரவைக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் இறங்குகிறது, அப்படியென்றால் தொண்டை இன்றைக்கு ஒத்துழைக்கும்போல. ஆனால் எச்சில் இறங்குவதற்கும் குரல் ஏறுவதற்கும் சம்பந்தமே கிடையாது, அது வேறு குழாய் இது வேறு குழாய் என்று டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டியிருந்தார். படம் இரண்டு முருங்கைக்காயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுபோல இருந்தது, அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பிலும் சத்தம் இல்லை. கேள்வி நேரம் தொடங்கிவிட்டது. யாரோ ஓர் உறுப்பினர் தன் ஊர் ஏரியின் மதகு உடைந்து கிடப்பதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு நல்ல குரல், சோற்றுப்பானையில் கரண்டி தட்டுவதுபோல ஒவ்வொரு சொல்லும் கணகணவென்று விழுந்தது, அதை அவர் எத்தனை அலட்சியமாகச் செலவழிக்கிறார் பார், ஒரு மதகுக்கு இவ்வளவு குரல் வேண்டுமா? அவளுடைய கேள்வி நான்காவது. சிவந்திக்கோட்டை அரசு மருத்துவமனையில் நெஞ்சு நோய்க்கும் தொண்டை நோய்க்கும் தனிப் பிரிவு தொடங்க அரசு முன்வருமா? கேள்வி அச்சாகி எல்லார் மேசையிலும் கிடக்கிறது. அமைச்சர் எழுந்து பதிலை வாசிப்பார், வாசித்ததும் சபாநாயகர் அவள் பெயரைச் சொல்வார், அவள் எழுந்து துணைக் கேள்வி கேட்க வேண்டும். எழுந்திருப்பதில் சிக்கல் இல்லை. ஏழு முறை ஜெயித்து இந்த மன்றத்துக்குள் நடந்து வந்த கால், இன்னும் வலுவாகத்தான் இருக்கிறது. எழுந்த பிறகுதான் சிக்கல். "யக்கா" என்று பக்கத்து இருக்கையிலிருந்து குனிந்தான் சவரிமுத்து. கட்சியில் புதுசு, கடற்கரைத் தொகுதியிலிருந்து முதல் தடவையாக ஜெயித்து வந்தவன், அவளைச் சொந்த அக்காவாகவே பாவித்து நடப்பவன். "கொறடா சொன்னாருல்லா, நானே எந்திரிச்சு கேட்டுருதேன். நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க, போதும்."

கொறடா நடனசபாபதி நேற்றே அவளை ஓரமாக அழைத்துப்போய்ச் சொல்லியிருந்தார். "அம்மா, நீங்க சிரமப்படாதீங்க. அவைக் குறிப்பில உங்க பேர்தான் இருக்கும். தம்பி உங்களுக்காகக் கேட்கட்டும். நடுவுல குரல் நின்னுபோச்சுன்னா அவங்க சிரிப்பாங்க, நமக்குத்தான் கஷ்டமா இருக்கும்." நமக்குத்தான் என்றார். நமக்கு என்றால் கட்சிக்கு. அவர் மேல் தப்பில்லை, பெரிய மனுசத்தனமாகத்தான் சொன்னார், அவளும் தலையை ஆட்டினாள், ஆனால் சரி என்று ஆட்டினாளா பார்க்கலாம் என்று ஆட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. குரல் போன பிறகு தெரிந்துகொண்ட விஷயம் அது. தலையை ஆட்டினால் எல்லாரும் அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் அவள் ஒன்று சொன்னால் அது அதுவாகத்தான் இருக்கும், யாரும் மாற்றிப் பிடிக்க முடியாது. வெண்கலத் தொண்டை என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். பீடி சுற்றுகிற வயதில் வந்த தொண்டை அது. பத்துப் பதினைந்து பெண்கள் மடியில் முறம்போன்ற சொளவை வைத்துக்கொண்டு, இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டி நூலைக் கட்டுகிற இடத்தில், தெருக்கோடியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று அறிய ஒருத்தி எழுந்துபோக வேண்டியதில்லை, பேச்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுவிடுவாள், கோடியிலிருந்து பதிலும் வந்துவிடும். பீடிக்கடைக் கணக்கப்பிள்ளை நல்ல பீடியையும் மட்டமென்று கழித்துப் போட்டபோது, முதன்முதலாக ஒரு பெண்பிள்ளை கடை வாசலில் நின்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சட்டம் தெரியாது, சங்கம் தெரியாது, சத்தம்தான் தெரியும். சத்தம் சங்கத்துக்குக் கொண்டுபோனது, சங்கம் கட்சிக்குக் கொண்டுபோனது, கட்சி இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது.

அந்த முதல் கூட்டம். புது நூல் சேலை விறைத்துக்கொண்டு நின்றது, உள்ளே குளிர்சாதனக் காற்று, கால் விரல்கள் மரத்துப்போயின. வரவுசெலவுத் திட்டத்தின் மேல் பேச எழுந்தாள், இரண்டு வாக்கியம் போகவில்லை, எதிர்வரிசையிலிருந்து ஒருவர் "பீடி சுத்துறவங்களுக்கு பட்ஜெட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்று கத்தினார். பலரும் சிரித்தார்கள். அவள் கட்சிக்காரர்களிலும் இரண்டொருவர் சிரித்தார்கள், அதைத்தான் அவள் மறக்கவில்லை. "ஒரு இலையில எத்தனை பீடி தேறும்னு பாத்துப் பாத்து வெட்டுன கை ஐயா இது. ஒங்க பட்ஜெட்டை எங்கையில குடுங்க, துண்டு விழாம வெட்டிக் காட்டுதேன்" என்றாள். மேசைகள் அதிர்ந்தன, கத்தியவரே தட்டினார். அன்றிலிருந்து இந்த மன்றத்தோடு அவளுக்கு ஒரு மல்யுத்தம். அவள் எழுந்தால் அவர்கள் சத்தம் போடுவார்கள், அவர்கள் சத்தத்துக்கு மேலே அவள் ஏறுவாள், இன்னும் மேலே அவர்கள், இன்னும் மேலே அவள். ஒரு வருடமாவது, ஒரு நாளாவது, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை யாராவது சும்மா இருந்திருக்கிறார்களா? இல்லை. அவளும் சும்மா இருந்ததில்லை, அடுத்தவர் பேசும்போது அவள் போட்ட சத்தம் கொஞ்சமா. சத்தம்தான் இங்கே நடக்கிற நாணயம் என்று நினைத்திருந்தாள். கை நிறைய வைத்திருந்தாள். இப்போது பை காலி.

மதகு முடிந்தது. மூன்றாவது கேள்வி, ஏதோ ஒரு பேருந்து நிலையம். பேருந்து நிலையத்துக்கு அமைச்சர் நீளமாகப் பதில் சொல்லட்டும், மூன்று துணைக் கேள்வி, நான்கு துணைக் கேள்வி போகட்டும், நேரம் முடிந்துவிடட்டும், நேரம் முடிந்தால் அவள் கேள்விக்கு எழுத்தில் பதில் வைத்துவிடுவார்கள், யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. சீ, இது என்ன நினைப்பு? வருடக்கணக்காக இந்தக் கேள்வியைக் கொடுத்து, கேள்விகளைத் தேர்ந்தெடுக்கிற குலுக்கலில் வராமல் போய், வந்த வருடம் அவை ஒத்திவைக்கப்பட்டு, மறுபடி கொடுத்து, இப்போது வந்திருக்கிறது, வந்திருக்கிற நேரத்தில் வராதே என்று வேண்டிக்கொள்கிற புத்தியைப் பார். பயம். இதுதான் பயம்போல. அவளுக்கு அது பழக்கமில்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை, பசி என்று நினைத்தாள். மேசைக்கு அடியில் கையை வைத்துக் கழுத்தைத் தடவினாள். தையல் போட்ட இடம் நூல்போல மேடாக இருந்தது. உள்ளே இருந்தது கெட்ட கட்டிதான், முழுசாக எடுத்தாகிவிட்டது, உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் நாண்களில் ஒன்று இனி அசையாது என்றார் டாக்டர். காற்றுதான் வரும், பழகப் பழகக் காற்றோடு கொஞ்சம் குரல் வரும். "ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்கம்மா. கத்தணும்னு முயற்சி பண்ணாதீங்க. கத்தினா மொத்தமா அடைச்சுக்கும்." இவளிடம் போய் அதைச் சொன்னார். மீனிடம் நீந்தாதே என்று சொன்னமாதிரி. வீட்டில் அவள் புருசன் சுடலைமுத்து, பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர், அதிகம் பேசாத மனுசன், இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறார். காலையில் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் பேச, அவள் நகத்தால் கருவியைத் தட்டினாள், ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. "சாப்ட்டியா?" ஒரு தட்டு. "பயமா இருக்கா?" அவள் தட்டவே இல்லை. "சரி" என்றார். "விசில் ஊதாமலும் வண்டி எடுத்திருக்கேன் பேச்சி. தகரத்துல ரெண்டு தட்டு தட்டுனா டிரைவருக்குத் தெரியாதா? போ, போய்க் கேளு."

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தேர்தல் நேரத்திலும் அவர்தான் சொன்னார், நில்லு என்று. கட்சியே யோசித்தது. எதிர்த்து நின்றவர்கள் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகச் சொன்னார்கள், "பேச்சிக்குப் பேச்சு இல்லை, அப்புறம் எதுக்கு ஓட்டு?" நல்ல வாசகம், அவளே வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்திருப்பாள். அவள் திறந்த வண்டியில் கைகூப்பியபடி நின்றாள், பேசவில்லை, பேசுவதற்கு ஒன்றுமில்லை. முதல் இரண்டு ஊரில் கூட்டம் சும்மா பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. மூன்றாவது ஊரில் ஒரு வயசான பீடிக்காரி மடியிலிருந்த சொளவோடு எழுந்து வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். "யக்கா, நீ பேசாண்டாம். ஒனக்கு என்ன வந்ததுன்னு எங்களுக்குத் தெரியும். எங்க தொண்டையும் அதே தூளைத் தின்ன தொண்டதாம்" என்று சொல்லி இருமினாள், அந்த இருமலைப் பக்கத்து வீட்டு இருமல் வாங்கிக்கொண்டது, அதை அடுத்த வீடு. அந்தத் தெருவே ஒரு கோஷம்போல இருமியது. அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சாளர் தேவைப்படவில்லை. பெண்கள் வண்டிக்கு முன்னால் நடந்தார்கள், அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர்களே சொன்னார்கள், அவளைவிட நன்றாகச் சொன்னார்கள். ஆறு முறை ஜெயித்ததில் கிடைக்காத வாக்கு வித்தியாசத்தில் ஏழாவது முறை ஜெயித்தாள். வாக்கு எண்ணிய மண்டபத்து வாசலில் மாலை போட வந்தவர்கள் "வாழ்க" என்று கத்தியபோது அவளும் பழக்கத்தில் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை, அதனால் சிரித்தாள், வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள், அந்தப் படம்தான் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

ஆனால் ஜெயித்தது வேறு, இது வேறு. இந்தக் கேள்வி பொன்னுத்தாய்க்கு உரியது. பொன்னுத்தாய் அவளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து பீடி சுற்றியவள், விரல் வேகத்தில் அவளை மிஞ்சியவள், வெடுக்கு வெடுக்கென்ற பேச்சுக்காரி. பேச்சி முதல் தடவை உறுப்பினரான வருடம் பொன்னுத்தாய்க்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. சிவந்திக்கோட்டை ஆஸ்பத்திரியில் அதற்கு ஆள் கிடையாது, மாவட்டத் தலைநகருக்குத்தான் போக வேண்டும். பேருந்தில் ஏற்றி, மடியில் படுக்கவைத்துக்கொண்டு போனாள். கூட்டமான பேருந்து, யாரோ ஒரு சாக்கு கொத்தமல்லிக்கட்டு ஏற்றியிருந்தார்கள், அந்த வாசனை. "ஏட்டி பேச்சி, எம்மெல்லே ஆயிட்டே, நம்ம ஊருக்கு ஒரு நெஞ்சு டாக்டரக் கொண்டு வரமாட்டியாட்டி?" என்று கேட்டாள், கேலியாகத்தான் கேட்டாள், இழுத்து இழுத்துக் கேட்டு முடித்தாள், பெரிய பாலம் தாண்டுவதற்குள் மடி கனத்துவிட்டது. இன்றைக்கும் மல்லிக்கட்டு வாசனை அடித்தால் அவளுக்கு மடி கனக்கும். கொண்டு வாரேன் என்று சொல்வதற்குள் போய்விட்டாள், சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளா, இல்லை அப்போதே காது போய்விட்டதா. அதிலிருந்து எத்தனை மருத்துவ அமைச்சர்கள்! இரண்டு கட்சியிலும் பார்த்துவிட்டாள், சொந்தக் கட்சி ஆண்டபோதும் பார்த்துவிட்டாள். எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னது ஒன்றுதான்: நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும். நிதிநிலைக்கேற்ப. என்ன வழவழப்பான சொல். பிடிக்கப்போனால் விலாங்குபோல நழுவும். நிதிநிலைக்கேற்ப, நிதிநிலைக்கேற்ப என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், எங்கேயாவது ஒரு முள் இருக்காதா, ஒரு பிடி இருக்காதா என்று. எந்த வருசத்து நிதிநிலை? அட. இத்தனை காலமும் இதை அவள் கேட்டதே இல்லை. விவாதங்களில் எழுந்து ஏழைகளின் கண்ணீர் என்றாள், வெட்கமில்லையா என்றாள், உலுக்கினாள், அதிரவைத்தாள். எந்த வருசம் என்று மட்டும் கேட்கவில்லை. தொண்டை பெருசாக இருந்ததால் கேள்வி பெருசாக இருந்துவிட்டது. கேள்வி பெருசாக இருந்தால் பதிலுக்கு ஒளிய இடம் நிறைய.

"வினா எண் நான்கு. மாண்புமிகு உறுப்பினர் திருமதி பேச்சியம்மாள்." சபாநாயகரின் குரல். அதற்குள்ளா, பேருந்து நிலையம் எப்போது முடிந்தது? அமைச்சர் கார்வண்ணன் எழுந்தார். இளவயதுக்காரர், டாக்டருக்குப் படித்தவர், தாளைப் பார்த்து மளமளவென்று வாசித்தார். "அத்தகைய கருத்துரு தற்போது இல்லை. எதிர்காலத்தில் நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்." வந்துவிட்டது விலாங்கு. "துணைக் கேள்வி" என்றார் சபாநாயகர். சவரிமுத்து பாதி எழுந்துவிட்டான், கையைக்கூட உயர்த்திவிட்டான். அவன் தோளில் கை வைத்து அழுத்தினாள். அவன் உட்கார்ந்தான். அவள் நின்றாள். ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இத்தனை வருடப் பழக்கம், நெஞ்சு தானாகக் காற்றை இழுத்துக்கொண்டது, வயிறு இறுகியது, தொண்டை பழைய வெண்கலத்தை ஓங்கி அடிக்கப் போனது, ஒன்றுமில்லை. அடைத்துக்கொண்டது. வாய் திறந்திருக்கிறது, உதடு அசைகிறது, சத்தம் இல்லை. ஆளுங்கட்சியின் பின்வரிசையில் யாரோ செருமினார்கள், யாரோ "வேற ஆள் கேட்கச் சொல்லுங்க" என்றார்கள். கொறடா தலையைக் குனிந்துகொண்டார். உட்கார்ந்துவிடு, ஏட்டி உட்கார்ந்துவிடு, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், தலையை ஆட்டு, போதும். கத்தாதீங்கம்மா என்றாரே. கத்தாதே. மூச்சை விட்டாள். வயிற்றை இளக்கினாள். பேருந்தில் மடியில் கிடக்கிறவளின் காதுக்குச் சொல்வதுபோல, அவ்வளவு பக்கத்தில் வைத்துச் சொன்னாள். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே." காய்ந்த பீடியிலையைத் தேய்த்ததுபோல ஒரு சத்தம். ஆனால் சொல். அவளுடைய சொல்.

அப்போதுதான் அது நடந்தது. அவை அடங்கியது. யாரும் அடக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காக நிறுத்தினார்கள், அவர்கள் நிறுத்தியது கேட்டு அடுத்தவர்கள் நிறுத்தினார்கள், தாளைப் புரட்டிய கைகள் நின்றன, முன்வரிசையிலிருந்தவர்கள் உடம்பைத் திருப்பிக் காதை இந்தப் பக்கம் நீட்டினார்கள். குளிர்சாதனம் ஓடுகிற சத்தம் கேட்டது. இந்த மன்றத்தில் இப்படி ஒரு சத்தம் இருப்பதே அவளுக்கு இத்தனை காலமும் தெரியாது. பரிதாபமா? ஐயோ பாவம் என்று கேட்கிறார்களா? அந்த நினைப்பு முள்போலக் குத்தியது, பரிதாபத்தை அவள் யாரிடமும் வாங்கியதில்லை, வாங்கமாட்டாள், திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம். இருக்கட்டுமே. பாவமென்று கேட்டால் என்ன, கேட்கத்தானே வேண்டும்? யாருக்கும் கிடைக்காத அமைதி உன் கையில் வந்து விழுந்திருக்கிறது, இதைப் போய் ஏன் எதற்கு என்று உரசிப் பார்ப்பாயா, செலவழி. செலவழித்தாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. "இப்ப நீங்க கேக்குற இந்தக் குரல் எங்க ஊர்ல நெறைய வீட்ல கேக்குது. நான் எம்மெல்லே. எனக்குச் சென்னையில பெரிய டாக்டர் பாத்தாக. எங்க ஊர்க்காரவுகளுக்கு பஸ்சுதான்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். அந்த இடைவெளியில் குறுக்கிட ஒருவர்கூட இல்லை, முன்பென்றால் இந்த இடைவெளிக்குள் பத்துப் பேர் புகுந்திருப்பார்கள். "நிதிநிலைக்கேற்பன்னு அமைச்சர் சொன்னாக. எந்த வருசத்து நிதிநிலைன்னு கேக்குதேன். வருசத்தைச் சொல்லுங்க. அம்புட்டுதான்."

கார்வண்ணன் எழுந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார், துணைக் கேள்விக்கு என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்த பதில் அதில் இருக்கும், அதில் வருடம் இருக்காது. அவர் அவள் கழுத்தைப் பார்த்தார், டாக்டர் கண்ணால் பார்த்தார், அந்தத் தழும்பு என்ன, அந்தக் குரல் என்ன என்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு முதல் வரிசையில் முதலமைச்சர் இருந்த பக்கம் திரும்பினார். முதலமைச்சர் லேசாகத் தலையை அசைத்தார். தலையசைப்பை எல்லாரும் அவரவருக்கு வேண்டியபடி எடுத்துக்கொள்ளலாம், கார்வண்ணன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். "இந்த ஆண்டே" என்றார். அவருக்கே தெரியாமல் அவர் குரலும் தாழ்ந்திருந்தது, அந்த அமைதியை உடைக்கப் பயந்தவர்போலக் குசுகுசுவென்று சொன்னார். பேச்சியம்மாளுக்கு நன்றாகக் கேட்டது. தலையிலிருந்து உள்ளங்கால் வரை கேட்டது. கண் கலங்கப் பார்த்தது, கலங்காதே, இப்போது கலங்காதே, இது விலாங்கு, வலைக்குள் வந்துவிட்டது, இன்னும் கரைக்கு இழுக்கவில்லை. குசுகுசுத்தது அவைக் குறிப்பில் ஏறுமா? ஏறாவிட்டால்? அவள் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அமைச்சர் சொன்னது கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லலாம்."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஆளுங்கட்சியின் பின்வரிசையில், முதலில் செருமிய அதே பக்கத்திலிருந்து, ஒரு சிரிப்பு வெடித்தது, அது அங்கிருந்து இங்கே தாவி, மன்றம் முழுக்க இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தது, சபாநாயகர் சிரித்தார், கார்வண்ணனும் சிரித்துக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தி, மேற்கூரையில் படும்படி சொன்னார். "சிவந்திக்கோட்டை அரசு மருத்துவமனையில் நெஞ்சக மற்றும் தொண்டைப் பிரிவு இந்த ஆண்டே தொடங்கப்படும்!"

மேசைகள் அதிர்ந்தன. எத்தனையோ முறை அவளைச் சத்தத்தில் மூழ்கடித்த அதே கைகள். கொறடா நடனசபாபதி எழுந்தே நின்று தட்டினார். சவரிமுத்து இரண்டு கையாலும் மேசையைக் குத்திக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, அவள் சேலை முந்தியைப் பிடித்து இழுத்தான். "செயிச்சாச்சு யக்கா, செயிச்சாச்சு! உக்காருங்க!"

அவள் உட்காரவில்லை. உடம்பெல்லாம் ஓர் இளம் சூடு பரவியிருந்தது. இருபது வயதில் கணக்கப்பிள்ளையின் கடை வாசலில் நின்றபோதுகூட இப்படி இல்லை, அன்றைக்குக் கோபம் இருந்தது, இன்றைக்குக் கோபமே இல்லை, சந்தோஷம் மட்டும், தொண்டைக்குக் கீழே எங்கேயோ ஊற்றெடுத்து மேலே ஏறுகிற சந்தோஷம்.

"இரு தம்பி" என்றாள். "எத்தனை படுக்கை, எத்தனை டாக்டர்னு இன்னும் கேக்கல."

ஒலிவாங்கியின் பக்கம் திரும்பினாள். சபாநாயகர் மணியைத் தொடவில்லை, யாரும் கை காட்டவில்லை. அவள் வாயைத் திறந்ததைப் பார்த்ததும் மேசைகளின் மேல் கைகள் அப்படி அப்படியே நின்றன.